பல்லிராஜா முகம் காட்டவில்லை

காணாமல் போனவரின் புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் செல்போனை நீட்டினார். திரையில் ஒரு பல்லி நின்றது.

ஆளுயரப் பல்லி. பச்சைத் தோல், இமையில்லாத மஞ்சள் கண்கள், மார்பில் பதக்கங்களைப் போல வரிசையாகப் பித்தான்கள். கையில் ஏதோ பயங்கர ஆயுதம். உற்றுப் பார்த்தால் சைக்கிள் பம்பு.

"வேஷம் இல்லாம ஒரு போட்டோ?"

"இல்ல சார். அவர் முகத்தை நாங்க யாருமே பார்த்ததில்ல."

"பேரு?"

"பல்லிராஜா."

"அது கதையில. நிஜப் பேரு?"

"அதுதான் சார் தெரியும்," என்றார் மாஸ்டர், லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவரைப் போல.

என் உதவியாளர் தொண்டையைச் செருமினாள். அவள் என் மனைவியின் தங்கை. வேலை கிடைக்காத ஒருத்தியும், வேலைக்கு ஆள் கிடைக்காத ஒருவனும் சேர்ந்து நடத்தும் துப்பறியும் நிறுவனம் எங்களுடையது. வாசல் பலகையில் 'ரகசியம் காக்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். காக்கச் சொல்லி இதுவரை யாரும் ஒன்றும் தந்ததில்லை. நான் கடைசியாகக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சாவிக்கொத்து. அதுவும் என்னுடையது.

"முகம் தெரியாது, பேர் தெரியாது, ஆனா வால் உண்டு," என்றாள் கொழுந்தியாள். "அத்தான், நமக்கு வந்ததுலயே தெளிவான கேஸ் இதுதான்."

மாஸ்டர் கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் 'விண்கலம் வேங்கை' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. விண்வெளியில் வழி தவறிய ஒரு கப்பல், அதன் கேப்டன், அவரைத் துரத்தும் பல்லிகள். ஒரு நாள் கேப்டன் தப்பி ஓட, கதவு மூட ஆரம்பிக்க, கதவு பாதி மூடிய இடத்தில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஒரு நடனப் போட்டி வந்தது.

"கேப்டன் உள்ள போனாரா, மாட்டிக்கிட்டாரான்னு யாருக்கும் தெரியாது சார். எங்களால தாங்க முடியல. அதனால மிச்சத்தை நாங்களே எடுக்கிறோம்."

"அனுமதி வாங்கியா?"

"கேட்டா தர மாட்டாங்க. அதனால கேட்கல."

ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு காலி குடோனில், சொந்தக் காசில் படம் எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். மாஸ்டர்தான் இயக்குநர். கடைசிப் பாகத்தில் பாதி முடிந்துவிட்டது. மீதிக்குப் பல்லிராஜா வேண்டும். அவரோ திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். அவர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த கணக்கும் மூடப்பட்டுவிட்டது. வேறு யாருக்காவது வேஷம் போடலாமென்றால், வேஷம் அவருடையது. முகமூடியை ஒட்டிக்கொண்டுதான் வருவார், ஒட்டியபடியே போவார். கழற்றினால் பசையோடு தோலும் வந்துவிடும் என்பாராம்.

"இந்த மாசக் கடைசியில குடோனை மெத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கிறாங்க சார். வர்ற ஞாயிறு விட்டா செட்டே கிடையாது. இந்தத் தொடரை அவங்க ஒரு தடவை பாதியில நிறுத்தினாங்க. இப்ப நாங்களும் நிறுத்தினா, எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

வழக்கை எடுத்துக்கொண்டேன். வேறு வழக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

குடோனில் எங்களை வரவேற்றவர் ஒரு பெண் பல் டாக்டர். மாஸ்டரின் படங்களில் அவர்தான் கேப்டன்.

"அசல் தொடர்ல கேப்டன் ஆம்பளையாச்சே," என்றேன்.

"கதவுல மாட்டின அதிர்ச்சியில மாறிட்டேன். ரெண்டாம் பாகத்துல விளக்கம் இருக்கு," என்றார் டாக்டர், சற்றும் சிரிக்காமல்.

விண்கலத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் பழைய கீபோர்டுகளும் மிக்ஸி திருகுகளும் இருந்தன. தானாகத் திறக்கும் கதவுகளை இரண்டு பேர் மறைந்திருந்து கயிறு கட்டி இழுத்து மூடிப் பிடிக்க வேண்டும், விட்டால் திறந்துகொள்ளும். எதிர்ச் சுவரில் ஒரு மனிதரின் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். வழுக்கை, கண்ணாடி, முகம் முழுக்கச் செருப்புத் தடம்.

"இவர்தான் சேனல்ல நிகழ்ச்சித் தலைவரா இருந்தவர். வேங்கையை நிறுத்தினது இவர்தான்," என்றார் மாஸ்டர். "ஷூட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு செருப்பு. மனசு லேசாயிடும்."

"எனக்கு எப்பவும் குறி தப்பிடும்," என்றார் டாக்டர். "பல்லிராஜாவுக்குத் தப்பவே தப்பாது. நேரா நெத்தியில போடுவார்."

பல்லிராஜா விட்டுச்சென்றது ஏதாவது உண்டா என்று கேட்டேன். டாக்டர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் துண்டை எடுத்து வந்தார். கடைசி நாளன்று தோளிலிருந்து உதிர்ந்த செதில். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்தேன், நிதானமாகத் தலையாட்டினேன்.

"முதலைத் தோல். வெளிநாட்டுச் சரக்கு. நம்ம ஆள் பெரிய இடம்."

கொழுந்தியாள் அதை வாங்கித் திருப்பினாள். "முதலைக்கு யாரு அத்தான் பித்தான் தைச்சாங்க? இது ரெக்சின். சோபா மேல குழி விழ வெச்சுத் தைப்பாங்களே, அந்தப் பித்தான். இந்த ஓரம் கை வைக்கிற இடம், வெளுத்திருக்கு பாருங்க. யாரோ வீட்டு சோபாவை உரிச்சிருக்காங்க."

நான் முதலையைக் கைவிட்டேன்.

"கடைசியா வந்த அன்னைக்கு என்ன நடந்தது?"

"சண்டை எதுவும் இல்ல சார்," என்றார் மாஸ்டர். "முடிவுக் காட்சியை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். கேப்டன் பல்லிராஜாவை வீழ்த்தி முகமூடியைப் பிடுங்கிடுவார். உள்ளே இருக்கிறது பல்லி இல்ல, மனுஷன். எல்லாரும் கை தட்டினாங்க. பல்லிராஜா தண்ணி குடிச்சிட்டு வரேன்னு வெளிய போனார். அவ்வளவுதான்."

"முகமூடியோட எப்படித் தண்ணி குடிப்பார்?"

"ஸ்ட்ரா வெச்சு."

ஸ்ட்ரா என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரு துப்பறிவாளன் எந்த விவரத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது.

கொழுந்தியாள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "உங்க படத்துல கப்பல் சமையல்காரர்தான் துரோகின்னு ஒரு திருப்பம் வருமே, ரொம்ப நல்லா இருந்தது. அது யாரு யோசனை?"

"அதுவா? பல்லிராஜா சொன்னது," என்றார் மாஸ்டர் சற்று வெட்கத்துடன். "நாங்க யோசிச்சதுல சமையல்காரருக்கு இருமல் மட்டும்தான் இருந்தது."

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. கதையை இவ்வளவு நன்றாக அறிந்தவர், முகத்தைக் காட்ட முடியாதவர், காட்டினால் எல்லோரும் அடையாளம் கண்டுவிடக் கூடியவர். அப்படி ஒருவர்தான் இருக்க முடியும். அசல் தொடரின் அசல் கேப்டன்.

அசல் கேப்டன் இப்போது குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். தொடரில் அவர் கன்னத்தில் இருந்த வெட்டுத் தழும்பு இல்லை, அது மேக்கப்பாம். வாஷ்பேசின்களுக்கு நடுவே நின்று, உட்காருங்கள் என்று கை காட்டினார். அங்கே உட்காரும்படியாக இருந்தது மாதிரிக்கு வைத்த டாய்லெட் ஒன்றுதான். மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு அது கம்பீரமான ஆசனம் அல்ல.

"எவ்வளவு நாளா நீங்க பல்லியா இருக்கீங்க?" என்று திடீரென்று கேட்டேன். எதிராளியை நிலைகுலைய வைக்கும் என் உத்தி இது.

அவர் கொழுந்தியாளைப் பார்த்தார். "இவருக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"பழகிடும் சார்," என்றாள் அவள். பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள்.

அசல் கேப்டன் பொறுமையாகக் கேட்டார். "என்னால ஹெல்மெட் கூடப் போட முடியாதும்மா. மூச்சு முட்டும். கேப்டன் தலையில ஒண்ணும் மாட்டாமலே விண்வெளியில நடப்பார்ல, அது அதனாலதான். ஆனா ரசிகர்கள் என் நுரையீரலைப் பத்திப் பக்கம் பக்கமா ஆராய்ச்சி எழுதினாங்க. நான் போய் முகமூடியை ஒட்டிக்கிட்டுப் பல்லியா நிக்கிறதா?"

என் கோட்டை இடிந்தது. ஆனால் சமையல்காரர் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"சமையல்காரர் துரோகியா? அது ஒளிபரப்பானதே இல்லையே. எடுக்காத வருஷத்துக்கு எழுதி வெச்ச கதை அது. அதோட பிரதி இருந்தது மூணே பேருக்குத்தான். எழுதினவருக்கு, அவர் தவறிட்டார். எனக்கு. அப்புறம் அந்த ஆளுக்கு."

"எந்த ஆளு?"

"நிறுத்தினாரே, அந்த ஆளு. அந்தக் கதையைத் தூக்கிக்கிட்டு அவர் வீட்டுக்கே போனேன். படிச்சுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கன்னு கெஞ்சினேன். வாங்கிப் பக்கத்துல வெச்சுக்கிட்டார். திறக்கவே இல்ல. அவர் வீட்டு அம்மா காபி கொடுத்தாங்க. பெரிய பச்சை சோபா. அதுல உட்கார்ந்துதான் என் வேலை போனதைக் கேட்டேன்."

கொழுந்தியாள் கைப்பையைத் திறந்து பச்சைத் துண்டை அவர் முன் வைத்தாள். அவர் விரலால் பித்தானைத் தடவினார்.

"இதைத்தான் அன்னைக்குத் திருகிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்," என்றார்.

தெருவுக்கு வந்ததும் நான் மறுத்தேன். "இருக்காதும்மா. அவர்தான் நிறுத்தினவர். அவர் எதுக்கு வந்து பல்லியா நடிக்கணும்?"

"எதுக்குன்னு எனக்கும் தெரியல அத்தான். ஆனா அந்த குடோன்ல ஒவ்வொருத்தருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச மூஞ்சி எது? அந்த ஒரு மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போகணும்னா எப்படிப் போவீங்க?"

"மூடிக்கிட்டுத்தான்."

"எப்போ வராம நின்னார்? மூடினதைக் கழட்டற காட்சியைப் படிச்ச அன்னைக்கு. நீங்க ஸ்ட்ராவுக்கு அடிக்கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்க."

அசல் கேப்டன் சொன்ன முகவரியில் கதவைத் திறந்தவர் ஊன்றுகோல் பிடித்த ஓர் அம்மா. வாட்டர் ஃபில்டர் பார்க்க வந்திருப்பதாகச் சொல்ல நான் தயாராக இருந்தேன். கொழுந்தியாள் நேராகச் செதிலை நீட்டினாள்.

"இடது தோள்தானே?" என்றார் அந்த அம்மா. "ஒத்தை நூல் தாங்காதுன்னு அப்பவே சொன்னேன். உள்ள வாங்க."

கூடத்தில் சோபா இருந்தது. அதாவது சோபாவின் எலும்புக்கூடு. மேலே ஒரு போர்வை. அதில் உட்கார்ந்தபோது ஒரு ஸ்பிரிங் என் தகுதியைச் சோதித்தது.

அந்த அம்மா விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "அவங்க முதல் படத்துல ஒரு பல்லி வந்தது. தலையணை உறையை மாட்டிக்கிட்டு. அதுக்கு இமை வேற வரைஞ்சிருந்தாங்க. வீட்டுப் பல்லிக்கு இமை ஏதுங்க? வாழ்நாள் பூரா அதைச் சொல்லிக் கொடுத்தவ நான். பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

உள்ளறை வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். சுவரில் பார்த்த அதே முகம், வயது கூடி, செருப்புத் தடம் இல்லாமல். தாடையோரம் மட்டும் பசை இழுத்த சிவப்புக் கோடு.

"கண்டுபிடிச்சிட்டீங்க," என்றார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். கொழுந்தியாள் என் காலை மிதித்தாள்.

"வேங்கையை நான் பார்த்ததே இல்லைங்க," என்றார் அவர். "நிறுத்தும்போது ஒரு பாகம்கூடப் பார்க்கல. எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு ஒரு எண் வரும். எண் குறைஞ்சது, நிறுத்தினேன். அவ்வளவுதான் என் வேலை. ரிட்டயர் ஆனப்புறம் இவளுக்கு முழங்கால் ஆபரேஷன். படுத்துக்கிட்டே அந்தத் தொடரைப் போட்டா. துணைக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்ல. கதவு பாதி மூடினதும் இவ என்னைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா. என்கிட்ட யாருமே கேட்கக் கூடாத கேள்வி அது."

"நான் வேணும்னேதான் கேட்டேன்," என்றார் டீச்சர்.

"அந்த நடிகர் கொடுத்துட்டுப் போன கதை பரண்ல கிடந்தது. எடுத்து வாசிச்சுக் காட்டினேன். அதுவும் தீர்ந்தது. அப்பதான் இவங்க எடுக்கிற படம் கண்ணுல பட்டது. அட்டைப்பெட்டிக் கப்பல். ஆனா நான் மூடின கதவைத் திறக்கறதுக்கு நாலு பேர் ஞாயித்துக்கிழமையை விட்டுட்டு வராங்க. போய் ஒரு கை கொடுக்கணும்னு தோணுச்சு. இந்த மூஞ்சியோட எப்படிப் போறது?"

"செருப்பு வீசும்போது?" என்று கேட்டேன்.

"வீசினேன். அங்க இருக்கிறவங்கள்ல எனக்குத்தான் அதிகக் காரணம் இருந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீஸ்ல நான் வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. யாரும் உட்காருங்க, டீ குடிங்கன்னு சொன்னதில்ல. அங்க எனக்குன்னு ஸ்ட்ரா வாங்கி வெச்சாங்க. முகமூடியைக் கழட்டினா அதெல்லாம் போயிடும். கழட்டாட்டி கதை முடியாது. ரெண்டாவது தடவையும் நானே நிறுத்தறேன்."

"முகமூடிக்கு உள்ள இன்னொரு முகமூடி வெச்சா?" என்றேன்.

"அத்தான் வெங்காயம் உரிக்கிறார்," என்றாள் கொழுந்தியாள். பிறகு அவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சார், ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, ஞாயிறு வரலாம், வராமலும் போகலாம்னு மட்டும் மாஸ்டர்கிட்ட சொல்றோம். யாருங்கறதை நீங்கதான் சொல்லணும். நாங்க சொன்னா அது கோள்."

டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், இரட்டை நூலாக.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் குடோன் வாசலில் மெத்தைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. மாஸ்டர் நகத்தைக் கடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து ஒரு பல்லி நடந்து வந்தது. மெத்தை தூக்கி வந்தவர்கள் மெத்தையோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்தக் காட்சிக்குக் கீழே விழுந்து கிடக்க ஆட்கள் போதவில்லை. என்னைக் கேட்டார்கள். கப்பலின் வீரர்களில் ஒருவனாக, நெஞ்சில் தக்காளி சாஸுடன் மல்லாந்து படுத்தேன். இந்த வழக்கில் என்னால் தவறாகச் செய்ய முடியாத வேலை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கொழுந்தியாள் டேபிள் ஃபேனைப் பிடித்து விண்வெளிப் புயலை உண்டாக்கினாள்.

சண்டை முடிந்தது. பல்லிராஜா முழங்காலிட்டார். கேப்டன் குனிந்து முகமூடியின் ஓரத்தைப் பிடித்தார். டாக்டர் அல்லவா, வலிக்காமல் எடுக்கத் தெரிந்திருந்தது. தாடையிலிருந்து மெல்ல மெல்ல உரித்து முழுவதையும் கழற்றினார்.

கேமராவுக்குப் பின்னால் சுவரில் ஒரு முகம். கேமராவுக்கு முன்னால் அதே முகம்.

"நீயா" என்று சொல்ல வேண்டிய இடம் அது. டாக்டர் வாயைத் திறந்தார். வந்தது, "நீங்களா?"

பல்லிராஜாவுக்கு மாஸ்டர் எழுதியிருந்த வசனம், "கதவை மூடச் சொன்னது நான்தான், கேப்டன்" என்பது. அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, எழுதாத ஒன்றையும் சேர்த்தார். "உள்ள யார் இருக்காங்கன்னு பார்க்காமலே சொன்னேன்."

கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். கதவு தானாகத் திறந்து நின்றது. எங்கோ ஒருவர் "அடப்பாவி" என்றார் மெதுவாக. யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வீசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கழற்றியவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார் போலும்.

அதுவரை இமையிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த என்னால் இனி முழுதாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தேன். டாக்டரின் கையில் முகமூடி தொங்கியது. அவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்காலிட்டவர் நிமிரவே இல்லை. மாஸ்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முன்னால் நின்றார். திரும்பக் கேமராவிடம் போனார், எடுத்ததை ஓட்டிப் பார்த்தார்.

"செத்தவர் கண்ணைத் திறந்துட்டார்," என்றார் கடைசியில்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை எடுக்கணும்." மாஸ்டர் கேமராவை நேராக்கினார். முழங்காலிட்டவர் பக்கம் பார்க்காமலே கேட்டார். "சார், முகமூடியை மறுபடி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் தலை நிமிர்ந்தது. "என்னால தனியா ஒட்ட முடியாதுங்க. வீட்டுல அவதான் ஒட்டி விடுவா. வெளிய கார்ல இருக்கா."

"கார்லயா உட்கார வெச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர் கோபமாக. "இந்த வெயில்ல?"

இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். பசை டப்பாவும் ஊன்றுகோலுமாக டீச்சர் உள்ளே வந்தார். நடந்தது எதையும் கேட்கவில்லை. செட்டில் நல்ல நாற்காலி என்றால் கேப்டனுடையதுதான். டாக்டர் அதை இழுத்து வந்து போட்டார். டீச்சர் உட்கார்ந்து, கணவரின் தாடையை ஒரு கையால் திருப்பிப் பிடித்து, சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"யாராவது அந்த லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க. அப்புறம் இவருக்குக் குடிக்க ஏதாவது கொடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

செருப்பைக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டு, காலை நுழைத்துக்கொண்டு, டீ வாங்கக் கிளம்பினார்.

நான் எழுந்திருக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"செத்தவங்க பேசக் கூடாது அத்தான்," என்று சொல்லி, கொழுந்தியாள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.